ருக்மணி பெயரில் ஓடியவளுக்கு

நேற்று கோவிந்தாபுரம் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எவனோ ஸீட்டுக்கடியில் அரிசி மூட்டை தள்ளி வைத்திருந்தானாம். போலீஸ்காரர் அதை வெளியே இழுத்துப் போட்டு, யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முன் ஸீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை, பைக்குள் தாழம்பூ. அந்த வாசனை வந்ததும் எழுந்துவிட்டேன். கண்டக்டர், "சேச்சி, வண்டி இப்பப் போகும்" என்று கத்தக் கத்த இறங்கிவிட்டேன். வெயிலில் நின்று அடுத்த பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். எழுபதை நெருங்குகிறவள் பூ வாசனைக்குப் பயந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? உன்னிடம் சொல்லலாம். நீயோ ஆடி மாதத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் மகன் ஏலப்பாறையிலிருந்து போன் செய்தபோது நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. அந்த விஷயத்தைச் சொல்லாமலே செத்திருந்தால் உனக்கு என்ன குறைந்து போயிருக்கும்? சரி, சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். முதலிலிருந்து ஒரு தடவை உன்னோடு பேசிப் பார்க்கிறேன். நடுவில் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது, அது ஒரு வசதி.

பாலக்காட்டு ஹாஸ்டலில் என் அறைக்கு நீ வந்தது எழுபதுகளின் நடுவில். கையில் தகரப்பெட்டி. அந்தப் புழுக்கத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாய். "ஏட்டி, உங்க ஊர்ல காத்தே கொதிக்குதே" என்பதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஏட்டி என்று என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். நான் போட்டிகளில் குண்டு எறிகிறவள், பார்த்தாலே தெரியும். நீ எலும்பும் தோலுமாக இருந்தாய். இதை வைத்துக்கொண்டு எங்கள் விளையாட்டு டீச்சர் என்ன செய்யப்போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் மைதானத்தில் எண்ணூறு மீட்டர் ஓடினாய். கையிலிருந்த குண்டைக் கீழே வைத்துவிட்டு நான் வேடிக்கை பார்த்தேன். தேயிலைச் சரிவில் அம்மாவுக்கு மத்தியானச் சோறு கொண்டு ஓடிய கால் அது என்று பிறகுதான் சொன்னாய்.

உன் நிலைமையையும் அன்றைக்கே சொல்லிவிட்டாய். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பெயர் வேலைக்குப் பதிவில் இருக்கிறவரை தங்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கத் தொடங்கிவிட்டது. அம்மா நின்றால் அந்த இடத்துக்கு நீ போயாக வேண்டும். அதற்குள் பி.ஏ.வை முடித்து, டிரில் டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். "அம்மைக்கு முந்தி நான் ஓடி முடிக்கணும்ட்டி, அவ்வளவுதான்" என்றாய். ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் உனக்கு இருந்த ஒரே வழி அந்த உதவித்தொகை. அது நின்றால் மறுநாளே கொழுந்துக் கூடை.

அந்தத் தொகையைக் கொடுத்தவர் எங்கள் வடகரப்பதிப் பக்கத்துப் பண்ணாடி. நிலபுலம் உள்ள பெரிய விவசாயியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்களுக்குத் தூரத்துப் பங்காளி, ஆனால் அவர்கள் தோட்டத்துக்காரர்கள், நாங்கள் ஒரு துண்டு மேட்டுக்காட்டுக்காரர்கள். அவர் நல்ல வயல் ஒன்றை விற்று, வந்த பணத்தைக் கல்லூரி பேரில் பாங்கில் போட்டார். அசலில் யாரும் கை வைக்கக்கூடாது. வட்டி மட்டும் வருடா வருடம் ஓடுகிற ஒரு பெண்ணின் படிப்புக்கு. டீச்சர் அதை எண்டோமெண்ட் என்பார். அந்த வார்த்தை வரும்போது கோயிலுக்குள் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். செத்துப்போன அவர் மகளின் பெயர் அதற்கு. ருக்மணி நினைவு உதவித்தொகை.

காகிதத்தில் இல்லாத ஏற்பாடும் ஒன்று இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில் அந்த வீட்டின் சொல்தான் கடைசி. வாங்குகிற பெண் வருடத்துக்கு ஒரு நாள், மார்கழியில், ருக்மணிக்குப் படைக்கிற அன்று அந்த வீட்டுக்குப் போய் வரவேண்டும். "ஒரு நாள்தானே, சாப்பிட்டு வாங்கோ" என்றார் டீச்சர். உனக்கு முன்னால் அதை வாங்கியவள் ஒரே வருடத்தில் கல்லூரியை விட்டுப் போயிருந்தாள். ஏன் என்று கேட்டேன். டீச்சர் விசிலை எடுத்து ஊதிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

ருக்மணியைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஓடி ஓடி ஜெயித்தவள். வெளியூர்ப் போட்டிக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறாள். பள்ளியை நிறுத்தினார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள், கல்யாணம் வரைக்கும் வெளியே போகக்கூடாது என்று ஓர் அறையில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். ஒரு நாள் குளிப்பதற்குக் கதவைத் திறந்துவிட்டபோது கொல்லைக் கிணற்றில் விழுந்துவிட்டாள். கால் தவறிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அப்படியே சொன்னது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னி என்று வீட்டிலேயே கும்பிடுவது எங்கள் வழக்கம். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுப் பாவாடை தாவணி வைத்து, தாழம்பூ போட்டு, உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த வருடம் அந்தத் துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கட்டிவிட்டு, பெட்டியில் வேறு புதுசு வைப்பார்கள். அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை.

முதல் வருடம் உனக்குத் துணையாக நான் வந்தேன். கணவாய்க் காற்று பனைமரங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ருக்மணியின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "வா சாமி. ஏன் இத்தன நேரம்? வெயில்ல ஓடியாந்து முகமெல்லாம் கருத்துப்போச்சு" என்றாள். நீ அந்த வீட்டுக்கு முதல்முறையாக வருகிறாய். அவளோ பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "நல்லா இருக்கீங்களாங்க?" என்று நான் கேட்டது அவள் காதில் விழவில்லை. என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் எந்த வீட்டில் கால் வைத்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், என்ன ஆளுக, எந்த ஊரு என்று கேட்டுவிடுவார்கள். எஸ்டேட்டில் இருந்து வந்த உன்னிடம் கேட்கவே இல்லை. பூசை அறை வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பெட்டியிலிருந்த பாவாடை தாவணியைக் கட்டிவிட்டுப் பலகையில் உட்காரவைத்தாள். உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நீ அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை.

பிறகு கன்னிக்கு வைக்க நீதான் தண்ணீர் சேந்தவேண்டும் என்றாள். அதே கிணற்றில். "நான் சேந்தறனுங்க, அவ மலைக்காட்டுப் புள்ள, பழக்கமில்லீங்க" என்று நான் கயிற்றைப் பிடித்தேன். "நீ உடு அம்மிணி. அவதான் சேந்தோணும்" என்றாள், உன்னைப் பார்த்தபடியே. நீ குனிந்து வாளியை விட்டாய். நான் உன் தாவணி முந்தியை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "பாவம்ட்டி அந்தம்மா. மகளுக்குச் சோறு ஊட்டுறாப்புல எனக்கு ஊட்டுனாக" என்றாய். போடி பைத்தியக்காரி என்றேன்.

இரண்டாம் வருடம் அவர்கள் மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. கார் வந்து நின்றது. அந்தம்மா குடையோடு இறங்கி, ஓடுபாதையோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ கடைசி வளைவில் வரும்போது, "ருக்கு! ஓடு சாமி, ருக்கு!" என்று ஒரே கத்தல். பக்கத்தில் நின்றவர்களும் அதுதான் உன் பெயர் என்று நினைத்துச் சேர்ந்து கத்தினார்கள். நீ ஜெயித்தாய். ஜெயித்த கையோடு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். முதுகைத் தடவிவிட்டேன். "அவுக கூப்பிடவும் கால் தன்னால வெரசாப் போச்சுட்டி. நான் ஓடல" என்றாய். ஜெயித்த களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மெஸ்ஸில் ஒருத்தி விளையாட்டாக, "ருக்கு, உப்பு எடு" என்றாள். நீ திரும்பிப் பார்த்து உப்பை எடுத்துக் கொடுத்தாய். மேஜையே சிரித்தது. நான் அவள் தட்டிலிருந்த சாம்பாரை அவள் மடியிலேயே கவிழ்த்தேன். வார்டனிடம் திட்டு வாங்கினேன், அதைப்பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் நீ ஏன் திரும்பினாய் என்று உன்னைக் கேட்கத்தான் முடியவில்லை. நீயும் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த லீவில் உன்னோடு ஏலப்பாறைக்கு வந்தேன். வேட்டைநாய் மாதிரி குளிர் கடித்தது. உன் அம்மா எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, நீ தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். தேயிலைக் கறை ஏறிய வீங்கிய விரல்கள். "கன்னி துணிய வெளியாளு உடுத்தப்பிடாது தாயி. கன்னி தன் சனத்துப் பொண்ணு மேலதான் எறங்குவா. அந்நியப் பொண்ணு உடுத்துனா எறங்க மாட்டா, இழுத்துக்குவா. எங்க பக்கமும் கும்பிடுதோம்லா, எனக்குத் தெரியும்" என்றார். பின்னே ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "அனுப்பாட்டி அவ படிப்பு?" என்று சொல்லி வெளியே பார்த்தார். நீ குடத்தோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாய். உன் அம்மா என் கையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் வருடம் உனக்குப் பத்தொன்பது முடிந்தது. ருக்மணி செத்ததும் பத்தொன்பதில்தான். படைப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பண்ணாடி தனியாகக் கல்லூரிக்கு வந்தார். வராந்தாவில் உன்னை நிறுத்திப் பேசினார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், அவருக்கும் தெரியும்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சுக்காதே. எங்கூட்டுல அவ சரியாச் சோறு திங்கறதில்லே. ருக்கு கோவமாப் போயிட்டாளேன்னு அதே பொலம்பல். இந்த வருசம் நீ பலகையில உக்காருறப்போ, சாமி வந்தாப்பல ஒரு வார்த்தை சொல்லீரு. உங்க மேல கோவமில்லீங்கம்மான்னு. அது போதும். நீ படிச்சு முடிச்சு, டிரெயினிங் போற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"சொல்லலேன்னா ஐயா?" என்றாய்.

"சொல்லலீன்னா, இந்தப் புள்ள மேல கன்னி எறங்கலேன்னு அவ வேற புள்ளயத் தேடுவா. நான் குறுக்க நிக்க முடியாது கண்ணு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிரட்டுகிற ஆள் இல்லை அவர். கெஞ்சத்தான் செய்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் நான், "சொல்லித் தொலையேண்டி. ஒரே ஒரு பொய். படிப்பு முடிஞ்சுரும், உங்கம்மா கீழ எறங்கீருவாங்க" என்றேன். நீ தூணைச் சுரண்டிக்கொண்டே நின்றாய். "பொய் சொல்லப் பயமில்லட்டி. நான் வாயத் தொறக்கும்போது வேற யாராச்சும் பேசிருவாகளோன்னுதான் பயமா இருக்கு" என்றாய். மத்தியான வெயில், பக்கத்து வகுப்பில் பெண்கள் சத்தமாக எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

படைத்த அன்றைக்குப் பூசை அறையில் நாங்கள் நாலு பேர்தான். அந்தம்மா, கதவோரம் பண்ணாடி, பலகையில் நீ, உனக்குப் பின்னால் நான். காற்று ஓட்டுக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெட்டியை இறக்கியதும் வருடம் முழுக்க அடைந்து கிடந்த தாழம்பூ வாசனை அறையெல்லாம் பரவியது. பச்சைப் பாவாடை, அரக்குத் தாவணி. முதல் வருடம் பாவாடை உனக்குக் கணுக்கால் தாண்டி நீண்டது. இந்தத் தடவை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தம்மா உன் தலையைப் பிரித்து எண்ணெய் வைத்துப் பின்னினாள். பிறகு உன் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து, உன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏன் சாமி போனே? அம்மா என்ன பண்ணுனேன்? அம்மா மேல கோவமா?"

அவள் மறுபடி கேட்டாள். பண்ணாடி கதவோரத்திலிருந்து கண்ணாலேயே உன்னைக் கெஞ்சினார். சொல்லுடி, சொல்லுடி என்று நான் பல்லைக் கடித்தேன். அவள் உன் மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். அப்போதுதான் ஜன்னல் கதவு அடித்துத் திறந்து விளக்கு அணைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்படியே இருக்கும்போது உன் குரல் கேட்டது.

"ஓடணும்னுதான கேட்டேன்? வேற என்ன கேட்டேன் உங்கட்ட? எதுக்கு என்னய அடைச்சி வச்சீக?"

அது உன் பேச்சு, அசல் மலைக்காட்டுப் பேச்சு. ருக்மணி அப்படிப் பேசியிருக்கவே முடியாது. மாட்டிக்கொள்ளப் போகிறாள், உள்ளதும் போச்சு என்று நான் நடுங்கினேன். பிறகு இன்னொன்று கேட்டது, மெதுவாக, எங்கள் பேச்சில்.

"இனி எனக்குப் பதுலா யாரையும் கூட்டியாராதீங்கம்மா."

அப்பாடா, கடைசியில் நினைவு வந்து எங்கள் மாதிரி பேசிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்தபோது பண்ணாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அவள் அழவில்லை. திரும்பி வந்து உன்னைப் பார்த்து, "நீ உன்ற துணிய மாத்திக்க அம்மிணி" என்றாள். சாமி என்று சொல்லவில்லை. நீ மாற்றிக்கொண்டு வந்ததும், "உன்ற பேரென்ன?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக. நீ சொன்னாய். "நல்ல பேரு" என்றாள். எங்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு வைத்தாள், ஊட்டவில்லை.

மறுநாள் காலையில் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். அம்மைக்கு முடியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று டீச்சரிடம் சொன்னாய். என்னிடமும் அதையேதான் சொன்னாய். அந்த வாரக் கடைசியில் டீச்சர் என்னைத் தேடி மைதானத்துக்கு ஓடி வந்தார். பண்ணாடி வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இனி எந்தப் பெண்ணும் அவர்கள் வீட்டுக்கு வரவேண்டாம். யாருக்குக் கொடுப்பது என்று கல்லூரியே பார்த்துக்கொள்ளலாம். உனக்கு டிரெயினிங் வரைக்கும் உண்டு. அன்றைக்கே பஸ் பிடித்தேன். மறுநாள் ஏலப்பாறையில் இறங்கி மேடெல்லாம் மூச்சு வாங்க ஏறி வந்தால், நீ தலையில் கொங்காணிச் சாக்கு போட்டு, முதுகில் கூடையோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய்.

"பேர் பதிஞ்சாச்சுட்டி" என்றாய்.

"பணம் உண்டு, வாடி. யார் ஊட்டுக்கும் போகவேண்டாம். பி.ஏ. முடிய இன்னும் நாலே மாசம்" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். குண்டு எறிகிறவளின் பிடி. நீ அசையவில்லை. "நான் வந்துட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாக. அம்மை எங்கன போவா?" என்றாய். மேற்பார்வைக்காரர் சத்தம் போட்டார். நீ திரும்பிக் கொழுந்து எடுக்கத் தொடங்கிவிட்டாய். அன்று உன்மேல் வந்த கோபம் எனக்கு எப்போதுமே தீரவில்லை. உன்னை ருக்மணி இழுத்துக்கொண்டாள், உன் அம்மா சொன்னதுதான் நடந்தது என்று நம்பினேன். கிணற்றில் விழாமல் தேயிலைக்காட்டில் விழுந்தாய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

நான் டிரில் டீச்சர் ஆனேன். ரிடையர் ஆனேன். அந்தத் தொகை இன்னும் வருடா வருடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. என்னிடம் படித்த பெண்களிலேயே சிலர் அதை வாங்கி ஓடினார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அவர்களை யாரும் எந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியும் வந்து சொல்லும்போது, நீ விட்டுக்கொடுத்ததை இவள் தின்கிறாள் என்று வயிறு எரிந்தாலும், தட்டிக் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லாமல் இருந்திருந்தால் இவர்களில் யாருக்கு எந்தப் பாவாடை காத்திருந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் உனக்கு நெஞ்சு சரியில்லை என்று கேள்விப்பட்டு வந்தேன். மகன் கட்டிய வீட்டில், வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாய். சாயா குடித்துக்கொண்டே, இத்தனை காலம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். "அன்னிக்குப் பேசுனது யாருடி? நீயா, அவளா?"

நீ சிரித்தாய். "நான்தாம்ட்டி. அதுக்கு மொத நா சாயங்காலம் ஊர்லருந்து ஆளு வந்து ஹாஸ்டல் கேட்ல நின்னாக. அம்மையால முடியல, வந்து பேர் பதி, இல்லாட்டி வீடு போயிரும்னு. உங்கிட்டச் சொன்னா நீ கத்துவ. பணம் கெடைச்சாலும் கெடைக்காட்டியும் எனக்கு முடிஞ்சு போச்சு. அந்தம்மா ஏன் போனேன்னு கேக்கவும் எங்கம்மையே கேக்காப்புல இருந்துச்சு. எதுக்கு என்னய அடைச்சி வைக்கேன்னு அவளக் கேக்க முடியுமா? இவுகளக் கேட்டுட்டேன்."

உன்னை அடித்தால் தேவலை போல இருந்தது, கட்டிக்கொண்டால் தேவலை போலவும் இருந்தது. "போகட்டும். கடைசில ஒண்ணு சொன்னே பாரு, அதனாலதான் பின்னால வந்த புள்ளைக தப்பிச்சாங்க" என்றேன்.

"என்னது?"

"இனி எனக்குப் பதுலா யாரையும் கூட்டியாராதீங்கன்னு."

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "அது நான் சொல்லலட்டி. நீ சொன்னதுல்லா அது?"

"நான் வாயே தொறக்கலடி."

"வெளையாடாத. எனக்குப் பின்னால இருந்துதான் வந்துச்சு. உங் கொரலு."

"அந்தம்மாவே சொல்லியிருப்பா" என்றேன். என் குரல் எனக்கே சரியாக வரவில்லை.

"அவுக முகம் எம் மடில இருந்துச்சுட்டி. அவுக பேசுனா எனக்குத் தெரியாதா?" என்றாய். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு, சொல்லவேண்டாம் என்று நினைத்துச் சொல்கிறவள் மாதிரி, சொல்லிவிட்டாய். "அதக் கேட்டதும் அவுக தலையத் தூக்குனாக. என்னயப் பாக்கல. என் தோளுக்கு மேல உன்னயப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தன் சனத்துப் பெண்மேல்தான் இறங்குவாள் என்று உன் அம்மா சொன்னதை நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அன்றைக்கு அந்த அறையில் அவர்களுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். நீ போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது, பஸ்ஸுக்குக் கிளம்பு என்றாய். நான் கிளம்பினேன். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

அன்றிலிருந்து அந்தக் குரலோடுதான் இருக்கிறேன். தனியாக இருக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வாய் வருகிறது, சொல்லப் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் என் தலையில் இறக்கி வைத்துவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய். நான் இத்தனை வருடமும் உனக்காக அல்லவா பயந்துகொண்டிருந்தேன்.